வெளிநாட்டில் ஏரோஸ்பேஸ் எம்.எஸ்.: வேலை விளம்பரத்தின் கடைசிப் பத்தியைப் படித்தீர்களா?

அமெரிக்க ராக்கெட் நிறுவனம் ஒன்றின் வேலை விளம்பரத்தை போனில் திறந்து பாருங்கள். மேலே இருப்பதெல்லாம் பழக்கமான விஷயங்கள்தான். ஏரோஸ்பேஸ் அல்லது மெக்கானிக்கலில் முதுநிலைப் பட்டம், கொஞ்சம் மேட்லேப், கொஞ்சம் பைத்தான், டீமோடு சேர்ந்து வேலை செய்யும் மனசு. கீழே உருட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சின்னப் பத்தி வரும். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதியாகவோ அடைக்கலம் கேட்டோ வந்து ஏற்கப்பட்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். மாணவர் விசாவில் போனவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பத்தி கண்ணில் படுவது பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் தேடத் தொடங்கும்போதுதான். அதற்குள் முதல் செமஸ்டர் கட்டணம் கட்டியாகிவிட்டது. வீட்டுப் பத்திரம் வங்கி லாக்கரில் இருக்கிறது. "கூடவே வந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க நூறு கம்பெனிக்கு அப்ளை பண்றாங்க, நமக்கு முதல் கேள்வியிலேயே கதவு சாத்துறாங்க" என்ற புலம்பல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏரோஸ்பேஸ் படிக்க வெளிநாடு போவது தப்பான முடிவு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் மற்றப் பொறியியல் படிப்புகளுக்குப் போடும் கணக்கை இதற்கும் அப்படியே போட்டால் உதைக்கும்.

ராக்கெட்டும் ஏவுகணையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஒரு ராக்கெட்டின் தலையில் செயற்கைக்கோளை வைத்தால் அது ஏவுவாகனம். அதே இடத்தில் வெடிகுண்டை வைத்தால் ஏவுகணை. எஞ்சின், எரிபொருள், வழிகாட்டும் கருவி என உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. அதனால்தான் உலக நாடுகள் இந்தத் துறையின் அறிவை வெறும் அறிவாகப் பார்ப்பதில்லை.

இந்தியாவுக்கு இது புதிய அனுபவம் அல்ல. ரஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை வாங்க இஸ்ரோ முயன்றபோது, அது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரானது என்று சொல்லி 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியாவே உறுப்பினரானது 2016-இல்தான். அன்று ஒரு நாட்டின் முன் நின்ற சுவரின் சின்ன வடிவம்தான் இன்று ஒரு மாணவரின் முன் நிற்பது.

அமெரிக்காவில் இந்தச் சுவருக்குப் பெயர் 'ஐடார்'. ஆயுதங்களின் சர்வதேச வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் என்பதன் சுருக்கம் அது. இதன் வேடிக்கையான பகுதி, 'ஏற்றுமதி' என்ற சொல்லுக்கு அது தரும் பொருள். பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினால் மட்டும் ஏற்றுமதி இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ள அலுவலகத்தில், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டவரிடம் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வரைபடம் ஒன்றைக் காட்டினால் அதுவும் ஏற்றுமதிதான். அதற்கு அரசின் அனுமதி வேண்டும். புதிதாகப் படித்துவிட்டு வரும் ஒருவருக்காக அந்த அனுமதிக்கு அலைய நிறுவனங்கள் தயாராக இல்லை. அந்த நாட்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

செயற்கைக்கோள்கள் விஷயத்தில் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்திருக்கிறது. 1999 முதல் ஆயுதப் பட்டியலில் இருந்த வணிகச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை 2014-இல் வணிகத் துறையின் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டன. ராக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அப்படியானால் பல்கலைக்கழகங்கள் மட்டும் எப்படிச் சேர்த்துக்கொள்கின்றன? பாடத்திட்டத்தில் பொதுவாகக் கற்பிக்கப்படுவதும், வெளிப்படையாக வெளியிடப்படும் அடிப்படை ஆராய்ச்சியும் இந்த விதிகளுக்கு வெளியே இருக்கின்றன. ஆக, வகுப்பறைக் கதவு திறந்திருக்கிறது, தொழிற்சாலைக் கதவு மூடியிருக்கிறது. வகுப்பறை விளம்பரத்தில் தொழிற்சாலைப் படம்தான் போடுவார்கள் என்பது வேறு விஷயம்!

கல்பனா சாவ்லாவின் கதையைத் தேதிகளோடு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1982-இல் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானவியல் முடித்தார். 1984-இல் ஆர்லிங்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் முதுநிலை. 1988-இல் கொலராடோவில் முனைவர் பட்டம். 1991-இல் அமெரிக்கக் குடியுரிமை. நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது 1994 டிசம்பரில். திறமைக்குப் பட்டம் சாட்சி சொன்னது. ஆனால் விண்வெளி வீரர் தேர்வுக்குப் பாஸ்போர்ட்டும் மாற வேண்டியிருந்தது. இன்று அந்த வழி இன்னும் நீளம். வேலை அடிப்படையில் கிரீன் கார்டு கேட்கும் இந்தியர்களின் முதுநிலைப் பட்டதாரி வரிசையில், 2013 வாக்கில் விண்ணப்பித்தவர்களின் முறையே 2025-இல்தான் வந்தது.

அப்போ அமெரிக்காவே வேண்டாமா?

அப்படி முடிவெடுப்பதும் அவசரம்தான். படிப்பின் தரத்தில் பர்டியூ, ஜார்ஜியா டெக், மிச்சிகன், இல்லினாய் அர்பானா-ஷாம்பெயின், கொலராடோ போல்டர் போன்ற இடங்களுக்கு ஈடாகச் சொல்ல உலகில் அதிகம் இல்லை. படித்து முடித்ததும் 'ஓபிடி' என்ற பயிற்சி அனுமதியில் 12 மாதங்களும், அறிவியல்-தொழில்நுட்பப் பட்டத்துக்கான நீட்டிப்பாக 24 மாதங்களும், மொத்தம் 3 ஆண்டுகள் வேலை பார்க்கலாம். ஆனால் முதல் கட்டத்தில் மொத்தமாக 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. வேலை தேடும் வட்டம் சின்னதாக இருக்கும் ஏரோஸ்பேஸ் மாணவருக்கு அந்த 90 நாட்கள் ரொம்ப வேகமாக ஓடும்.

அதன்பிறகு எச்-1பி குலுக்கல். ஆண்டுக்கு 85,000 இடங்கள், அதில் 20,000 அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கு. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. அமெரிக்காவிலேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். இந்த விதிகள் மாறும் வேகத்தைப் பார்த்தால், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. யூடியூப் வீடியோவை நம்பி 40 லட்சத்தை இறக்க வேண்டாம்.

அமெரிக்கா போவதென்றே முடிவானால், சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "ஆய்வேடு எழுதும் எம்.எஸ்.ஸா, பாடம் மட்டும் படிக்கும் முதுநிலையா?" என்பதுதான் அது. பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர முடிந்தால் கல்விக் கட்டணத்தில் பெரும்பங்கோ முழுவதுமோ தள்ளுபடியாகி, மாத உதவித்தொகையும் கிடைக்கக்கூடும். பாடம் மட்டும் என்றால் அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதிலும், ராணுவ நிதியில் நடக்கும் சில ஆய்வுகளில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க முடியாது. பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்டுவிடலாம், தவறில்லை.

ஜெர்மனி: கட்டணம் குறைவு, கணக்கு அதிகம்

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பது இப்போது பாதி உண்மை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் முதுநிலை மாணவர்களிடம் பிரிவைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே செமஸ்டருக்கு 1,500 யூரோ. பிரவுன்ஷ்வைக் போன்ற இடங்களில் இன்னும் நிர்வாகக் கட்டணம் மட்டும்தான். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் அங்கே எத்தனை பாடங்கள் படிக்க முடியும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

விசாவுக்கு முன் இரண்டு படிகள். ஒன்று, இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் 'ஏபிஎஸ்' சான்றிதழ். 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். இரண்டு, முடக்கக் கணக்கு. முதலாண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்து, மாதாமாதம் மட்டும் எடுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக, அதாவது மாதம் 992 யூரோவாக ஆக்கப்பட்டது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது செலவு அல்ல, உங்கள் பணம்தான். ஆனாலும் விமானம் ஏறும் முன் கையில் இருந்தாக வேண்டும்.

பலரைக் குழப்புவது மதிப்பெண் மாற்றம். ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது தேர்ச்சியின் விளிம்பு. நம் சி.ஜி.பி.ஏ.வை 'பவேரியா சூத்திரம்' கொண்டு மாற்றுவார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 10-க்கு 8 வாங்கிய மாணவர், தேர்ச்சி 5 என்றால் 2.2 பெறுவார். அதே 8, தேர்ச்சி 4 என்று இருக்கும் பல்கலைக்கழகத்தில் 2.0 ஆகிவிடும்! உங்கள் பல்கலைக்கழகத்தின் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எது என்று மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தெளிவாக இல்லையென்றால், கல்லூரியில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அந்த 0.2-இல் சேர்க்கை தவறலாம்.

வேலை? படித்து முடித்ததும் 18 மாதங்கள் வேலை தேட அனுமதி உண்டு. மியூனிக் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் 2018-இல் தொடங்கிய இசார் ஏரோஸ்பேஸ், 2025 மார்ச் 30 அன்று நார்வேயின் ஆண்டோயாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டை ஏவியது. சுமார் 30 நொடிகளில் அது கடலில் விழுந்துவிட்டது என்றாலும், அரசு அமைப்புகளுக்கு வெளியே ராக்கெட் வேலை என்ற ஒன்று ஐரோப்பாவில் உருவாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ராணுவ விமானப் பிரிவுகளில் இங்கேயும் பாதுகாப்புச் சோதனைகள் உண்டு. பயணிகள் விமானப் பக்கம் அந்த அளவுக்கு இறுக்கம் இல்லை. ஆனால் ஜெர்மன் மொழி பி1, பி2 இல்லாமல் "இங்கிலீஷ் வெச்சே சமாளிச்சுக்கலாம்" என்று போனால், அந்த 18 மாதங்களில் பாதி மொழி வகுப்பிலேயே போய்விடும்.

மற்ற நாடுகள்

1909-இல் தொடங்கி, இப்போது பிரான்ஸின் துலூஸ் நகரில் இருக்கும் ஐசே-சூப்பாயிரோ, ஆங்கிலத்தில் இரண்டு ஆண்டு முதுநிலை நடத்துகிறது. ஏர்பஸ் தலைமையகம் அதே ஊர். இத்தாலியின் மிலான், டுரின் பாலிடெக்னிக்குகளின் கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு. குடும்ப வருமானத்தை வைத்து அந்தந்த வட்டார அரசுகள் தரும் உதவித்தொகைக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது நம் ஊரில் அதிகம் பேசப்படாத விஷயம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பெரிய பெயர். ஐரோப்பிய விண்வெளி முகமையின் தொழில்நுட்ப மையம் இருக்கும் நூர்ட்வைக் அங்கிருந்து தூரமில்லை. அதைப் பார்த்து ஆசைப்படும் முன் ஒன்று தெரிய வேண்டும். அந்த முகமை பொதுவாக அதன் உறுப்பு நாட்டுக் குடிமக்களைத்தான் வேலைக்கு எடுக்கும். இந்தியா அதில் இல்லை. ஆக, இங்கேயும் ஒரு கடைசிப் பத்தி உண்டு.

பிரிட்டனில் கிரான்ஃபீல்டு மாதிரி இடங்களில் ஒரே ஆண்டில் முதுநிலை முடிந்துவிடும். சொந்த விமான நிலையமே இருக்கும் பல்கலைக்கழகம் அது. ஏரோஸ்பேஸ் என்பதால் விசாவுக்கு முன் 'அட்டாஸ்' என்ற தனி அனுமதி வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். படிப்புக்குப் பின் தங்கும் 2 ஆண்டு விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இரு நாட்டுப் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க 2022-இல் இந்தியாவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்தில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகள் சேர்க்கப்படவில்லை. திரும்பி வந்து இங்கே அரசு வேலைக்கோ பேராசிரியர் பணிக்கோ போக நினைப்பவர்கள், ஓராண்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று கிடைக்குமா என்று முன்பே விசாரிப்பது அவசியம்.

வீட்டில் பேச வேண்டிய கணக்கு

40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று ஓர் உதாரணம். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வாங்கினால், படிப்புக் காலம் 2 ஆண்டு, அதற்குப் பின் 6 மாத அவகாசம் சேர்ந்து வட்டி மட்டும் 10 லட்சம். ஆக 50 லட்சம். அதை 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 66,000 ரூபாய். டாலரிலோ யூரோவிலோ சம்பளம் வந்தால் இது சமாளிக்கக்கூடிய எண். பெங்களூரில் தொடக்கநிலைப் பொறியாளர் என்றால் கைக்கு வரும் சம்பளத்தை இந்த ஓர் எண்ணே விழுங்கிவிடும்.

செமஸ்டர் வாரியாகக் கடனை எடுப்பதும், படிக்கும் காலத்திலேயே வட்டியை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதும் சுமையைக் குறைக்கும். கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் 8 ஆண்டுகள் வரை வருமான வரிச் சலுகை உண்டு என்று வங்கியில் சொல்வார்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பதைச் சில நேரம் சொல்ல மறந்துவிடுவார்கள். கடனுக்கு முன் உதவித்தொகைகளையும் பார்த்துவிடலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் கடன் பேச்சே வேண்டாம். போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிப்பதற்குக் காசு இல்லை.

எந்தப் பிரிவு என்பதுதான் உண்மையான கேள்வி

எந்த நாடு என்று ஆறு மாதம் யோசிப்பவர்கள், எந்தப் பிரிவு என்று ஆறு நாள்கூட யோசிப்பதில்லை. கதவுகள் திறப்பதும் மூடுவதும் அதில்தான் அதிகம்.

உந்துவியலில், அதிலும் ராக்கெட் எஞ்சினில், முழுமூச்சாக இறங்கினால் கட்டுப்பாடு மிக அதிகம். அந்த அறிவு எங்கே போனாலும் ஆயுதப் பட்டியலின் நிழலில்தான் இருக்கும். காற்றியக்கவியலும், கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிடும் சி.எஃப்.டி.யும் அப்படியில்லை. கார் நிறுவனம், காற்றாலை, எரிவாயு டர்பைன், டேட்டா சென்டரைக் குளிர்விக்கும் நிறுவனம் வரை தேவைப்படும். கட்டமைப்பும் கூட்டுப்பொருட்களும் படித்தவர் விமான இறக்கையிலிருந்து காற்றாலை இறக்கைக்குச் சிரமமில்லாமல் மாறலாம். வழிகாட்டல்-கட்டுப்பாடு படித்தவருக்கு டிரோனும் தானியங்கிக் காரும் ரோபோவும் இருக்கின்றன. "ராக்கெட்தான் என் கனவு" என்பவர்கூட ஆய்வேட்டை எரிதல் பற்றிய கணினி உருவகப்படுத்தலில் அமைத்துக்கொண்டால், கனவும் கையில் இருக்கும், மாற்று வழியும் இருக்கும்.

திரும்பி வந்தவர்கள்

நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த நம்பி நாராயணன் 1969-இல் பிரின்ஸ்டன் போனார். ராக்கெட் உந்துவியலில் முதுநிலை முடித்துவிட்டு இஸ்ரோவுக்கே திரும்பினார். 1970-களில் பிரான்ஸின் வெர்னானில் இஸ்ரோ குழுவோடு இருந்து கற்றுவந்ததிலிருந்து பிறந்ததுதான் விகாஸ் எஞ்சின். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இன்றும் எரிவது அதுதான். அவர் போன காலத்தில் ஐடாரின் அடிப்படையான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், இல்லினாயில் ஏரோஸ்பேஸ் முதுநிலை படித்துத் திரும்பி, 2017-இல் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் அக்னிகுல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இதில் ஒரு முரணையும் கவனிக்கலாம். அமெரிக்காவில் குடியுரிமை கேட்கும் அதே பெரிய விமான நிறுவனங்களுக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் பொறியியல் மையங்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

இங்கேயே படிப்பதும் ஒரு வழி. இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறை 1942 முதல் இருக்கிறது. கேட் தேர்வில் ஏரோஸ்பேஸுக்குத் தனித்தாள் உண்டு. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். எம்.டெக். முடித்து இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு, நிதியுதவியோடு முனைவர் படிப்புக்கு வெளிநாடு போனால் 40 லட்சம் கடன் என்ற பேச்சே எழாது. "பி.எச்டி. எல்லாம் யாருப்பா பண்றது" என்பவர்களுக்கு இது ஒத்துவராது, உண்மைதான்.

விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அரை மணி நேர வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. சேர நினைக்கும் துறையின் பெயரை லிங்க்டுஇன்னில் போட்டு, கடந்த இரண்டு ஆண்டுகளில் முடித்த இந்தியர்களைத் தேடுங்கள். பல்கலைக்கழக இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கம் இதற்கு உதவாது, அதில் உள்நாட்டு மாணவர்களும் கலந்திருப்பார்கள். இருபது பேரைப் பார்த்தால் போதும். எத்தனை பேர் விமானம் அல்லது விண்வெளி நிறுவனத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கார் நிறுவனத்தில், எத்தனை பேர் சாஃப்ட்வேரில், எத்தனை பேர் பெங்களூரில் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். அதில் இரண்டு மூன்று பேருக்கு மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்பி, முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவோடு வங்கிக்குப் போகலாம்.